மின்காருக்கு எது நல்ல நேரம்?

பிரிட்டனில் 2022 ஜூன் 30ஆம் தேதிக்குப் பிறகு விற்கப்படும் வீட்டு மின்கார் சார்ஜர் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விநோதமான சட்ட விதி உட்கார்ந்திருக்கிறது. இரவு பன்னிரண்டரை மணிக்குச் சார்ஜ் ஏறட்டும் என்று நேரம் குறித்து வைத்தாலும், அது சரியாகப் பன்னிரண்டரைக்குத் தொடங்காது. தனக்குள்ளேயே சீட்டுக் குலுக்கிப் பார்த்து, பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு தாமதத்தை எடுத்துக்கொண்டு, அதன் பிறகுதான் தொடங்கும். பக்கத்து வீட்டுச் சார்ஜருக்கு வேறொரு சீட்டு விழும். இந்தத் தாமதத்தைத் தேவைப்பட்டால் அரை மணி நேரம் வரை நீட்டிக்கும் வசதியும் கருவிக்குள் இருந்தாக வேண்டும். அதே சட்டத்தின்படி, சார்ஜரை முதன்முதலில் அமைக்கும்போது, வார நாட்களில் காலை 8 முதல் 11 வரையும் மாலை 4 முதல் இரவு 10 வரையும் சார்ஜ் ஏறாதபடியே அது வர வேண்டும். உரிமையாளர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் கடையிலிருந்து வந்த அமைப்பை மெனக்கெட்டு மாற்றுகிறவர்கள் எத்தனை பேர்?

தன் வீட்டு வாசலில், தன் காரில், தன் காசில் ஏற்றும் மின்சாரத்துக்கு அரசாங்கம் ஏன் நேரம் பார்த்துக் கொடுக்கிறது என்று கேட்கத் தோன்றும். மின்கார்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே "இத்தனை வண்டிக்கும் மின்சாரம் எங்கே இருக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. எனக்கு அது தவறான இடத்தில் விழும் கவலையாகவே படுகிறது. பிரிட்டனில் ஒரு கார் சராசரியாக நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டரைச் சுற்றித்தான் ஓடுகிறது. அதற்கு ஐந்தாறு யூனிட் போதும். வீட்டுச் சுவரில் மாட்டும் வழக்கமான சார்ஜர் 32 ஆம்பியர், அதாவது சுமார் 7.4 கிலோவாட். ஐந்தாறு யூனிட்டை அது ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிவிடும். மிச்ச நேரமெல்லாம் கார் சும்மா நிற்கிறது. தேவையான மின்சாரத்தின் மொத்த அளவு நாட்டுக்குச் சுமைதான் என்றாலும், இருபது முப்பது ஆண்டுகளில் பரவி வரும் சுமை அது. திட்டமிட்டுச் சமாளிக்கலாம். எல்லோரும் அந்த ஒரு மணி நேரத்தை ஒரே நேரத்தில் கேட்பதுதான் சிக்கல்.

ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ஜனவரி மாதம், மாலை ஐந்தே முக்கால். இருட்டி ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அலுவலகத்திலிருந்து திரும்பியவர்கள் விளக்கைப் போடுகிறார்கள், அடுப்பை மூட்டுகிறார்கள், கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நுழையும் கம்பியில் 60 ஆம்பியரோ 100 ஆம்பியரோ ஃபியூஸ் இருக்கும். அந்தக் கணக்குப்படி ஒரு வீடு 14 முதல் 23 கிலோவாட் வரை இழுக்கலாம். ஆனால் தெருமுனை டிரான்ஸ்பார்மரை அந்தக் கணக்கில் யாரும் வடிவமைக்கவில்லை. எல்லா வீட்டுக் கெட்டிலும் ஒரே நொடியில் கொதிப்பதில்லை. ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் குளிக்கிறார், மூன்றாமவர் இன்னும் ரயிலில் இருக்கிறார். அதனால் நூற்றுக்கணக்கான வீடுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது உச்ச நேரத்தில் கூட வீட்டுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோவாட் வரைதான் தேறும். பல பத்தாண்டுகளாக மின் பொறியாளர்கள் இந்த நம்பிக்கையில்தான் தெருக்களுக்குக் கம்பி இழுத்திருக்கிறார்கள். 250 வீடுகளுக்கு 500 கேவிஏ (ஏறக்குறைய 500 கிலோவாட் தாங்கும்) டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்கு இரண்டு கேவிஏ. அதில் நூறு வீடுகளில் கார் வந்து, நூறும் வீடு திரும்பிய கையோடு செருகப்பட்டால் கார்களுக்கு மட்டுமே 740 கிலோவாட். வீட்டுத் தேவையை நாம் இன்னும் கூட்டவே இல்லை.

கெட்டில் மூன்று நிமிடத்தில் அணைந்துவிடும். கார் அணையாது. "ஒரே நேரத்தில் யாரும் பயன்படுத்த மாட்டார்கள்" என்ற பழைய நம்பிக்கையைக் கார் உடைப்பது இங்கேதான்: பெரிய சுமை, நீண்ட நேரம், அதுவும் எல்லோரும் வீடு திரும்பும் அதே வேளையில்.

இதைக் காகிதக் கணக்காக விடாமல், 2013 முதல் 2015 வரை பிரிட்டனில் நடந்த மை எலெக்ட்ரிக் அவென்யூ என்ற சோதனை நேரில் பார்த்தது. ஒரே மின்தடத்தில் இருக்கும் அண்டை வீட்டுக்காரர்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, அவர்களுக்கு நிஸ்ஸான் லீஃப் கார்களைக் கொடுத்து, அந்தத் தெருக் கம்பிக்கு என்ன ஆகிறது என்று அளந்தார்கள். நாடு முழுவதையும் கணக்கில் கொண்டால், 40 முதல் 70 சதவீத வீடுகளுக்கு மின்கார் வரும்போது, தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் தாழ்வழுத்தத் தடங்களில் 32 சதவீதத்துக்கு, அதாவது சுமார் 3,12,000 தடங்களுக்கு, ஏதாவது ஒரு வகையில் வலுவூட்டல் தேவைப்படும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதுவும் 3.5 கிலோவாட் சார்ஜரை வைத்துப் போட்ட கணக்கு. இன்று சுவரில் மாட்டுவது அதைப்போல் இரு மடங்கு. மறுபுறம், மூன்றில் இரண்டு பங்கு தடங்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் அதே முடிவின் இன்னொரு முகம். நாட்டின் மின்சாரம் முழுவதும் ஒரே நாளில் திணறப் போவதில்லை. சில தெருக்கள் திணறும். எந்தத் தெரு என்பது அங்கே எத்தனை வீடு, எந்தக் காலத்துக் கம்பி, யார் யார் கார் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. பக்கத்து வீட்டில் மின்கார் வந்தால் நம் வீட்டிலும் வாங்கத் தோன்றும் அல்லவா? அதனால் கார்களும் பரவலாக வருவதில்லை, கொத்தாகத்தான் வருகின்றன.

திணறல் என்றால் என்ன? முதலில் கம்பியின் கடைசி வீடு தெரிந்துகொள்ளும். கடைமடைக்குத் தண்ணீர் வருவதுபோல், தடத்தின் முன்பகுதியில் இழுப்பு கூடக் கூட வால்பகுதியில் அழுத்தம் குறையும். பிரிட்டனில் 230 வோல்ட்டுக்கு ஆறு சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்பது விதி. அங்கே வீடுகளுக்கு ஒருமுனை இணைப்புதான். வீடுகளை மூன்று பேஸ்களுக்கும் மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். தற்செயலாகக் கார் வாங்கியவர்கள் எல்லாம் ஒரே பேஸில் அமைந்துவிட்டால், மற்ற இரண்டும் சும்மா இருக்க அந்த ஒன்று மட்டும் திக்குமுக்காடும்.

இரண்டாவது பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது. டிரான்ஸ்பார்மருக்குள் செம்பு அல்லது அலுமினியச் சுருள்களைச் சுற்றிக் காகிதக் காப்பு இருக்கிறது, அது எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. சுமை ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் காகிதம் மக்கும். சாதாரணக் காகிதக் காப்புக்கு வெப்பநிலை ஆறு டிகிரி கூடும்போதெல்லாம் மூப்பின் வேகம் இரட்டிப்பாகும் என்பது பன்னாட்டுத் தரநிலைகளே ஏற்கும் கணக்கு. அப்படியிருந்தும் பழைய டிரான்ஸ்பார்மர்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைக்கக் காரணம், மாலையில் சூடேறுவது இரவில் ஆறிவிடுவதுதான். மாலைச் சுமையைத் தூக்கி இரவில் வைத்துவிட்டால் போதும் என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இரவின் பள்ளத்தை விளிம்பு வரை நிரப்பினால் அது ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

இரவுக்குத் தள்ளுவது பிரிட்டனுக்குப் புதிதும் இல்லை. 1978இலேயே எகானமி 7 என்ற கட்டணத்தைக் கொண்டு வந்தார்கள். இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலை. அந்த நேரத்தில் செங்கல் அடுக்கிய ஹீட்டர்களைச் சூடாக்கி வைத்துக்கொண்டு பகலில் அந்த வெப்பத்தில் இருப்பார்கள். லட்சக்கணக்கான ஹீட்டர்களை யார் நேரத்துக்குப் போடுவது? 1980களில் அதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். பிபிசி ரேடியோ 4இன் நீளலை ஒலிபரப்புக்குள், நேயர்கள் காதுக்குக் கேட்காத வகையில் குறியீடுகளைச் சேர்த்து அனுப்பினார்கள். மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி அதைக் கேட்டு ஹீட்டரைப் போடும், அணைக்கும். குழு குழுவாகப் பிரித்து வெவ்வேறு நேரத்தில் குறியீடு அனுப்பவும் முடிந்தது. 2025இல்தான் அந்தச் சேவைக்கு மூடுவிழா தொடங்கியது. இன்றைய இணையச் சார்ஜர்களுக்குக் கொண்டுவர விரும்பும் ஒழுங்கை ஒரு வானொலி நிலையம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மின்கார் வந்த பிறகு விலையே ஆயுதமாயிற்று. ஆக்டோபஸ் எனர்ஜி என்ற நிறுவனம் கொண்டு வந்த ஆக்டோபஸ் கோ கட்டணத்தில் தொடக்கத்தில் நள்ளிரவு 12:30 முதல் 4:30 வரை மலிவு. பகல் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்றால் யார் மாலை ஆறு மணிக்குச் செருகுவார்கள்? மக்கள் நகர்ந்தார்கள். ஆனால் எல்லோரும் 12:30க்கே நகர்ந்தார்கள்! மாலையில் ஆளுக்கொரு நேரத்தில் வீடு திரும்பியதால் இருந்த கொஞ்ச நஞ்ச இடைவெளியும் போய்விட்டது. செல்பேசிச் செயலி நொடி பிசகாமல் 12:30க்கு எல்லாக் காரையும் எழுப்பிவிட்டது. சுமார் 700 கார் உரிமையாளர்களைக் கொண்டு நடந்த எலெக்ட்ரிக் நேஷன் சோதனையிலும் இதுதான் தெரிந்தது. விலைச் சலுகையும் நேரம் குறிக்கும் வசதியும் சேர்ந்தால் மாலை உச்சம் இறங்கும், இரவில் புதிதாக ஓர் உச்சம் முளைக்கும்.

பத்து நிமிடச் சீட்டுக் குலுக்கல் இதற்குத்தான் வந்தது. ஆனால் அது எதைக் காக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நாடு முழுவதற்குமான மின்தொகுப்பு 50 ஹெர்ட்ஸ் என்ற துடிப்பில் ஓடுகிறது. ஒரே நொடியில் பெருஞ்சுமை ஏறினால் அந்தத் துடிப்பு தள்ளாடும். 1990 ஜூலை 4ஆம் தேதி, உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து பெனால்டியில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நாடே எழுந்து கெட்டிலைப் போட்டதில் 2,800 மெகாவாட் சட்டென்று ஏறியது. பிரிட்டிஷ் மின்துறையில் இன்றும் சொல்லப்படும் கதை அது. லட்சக்கணக்கான கார்கள் ஒரே நொடியில் விழித்தால் அதைவிடப் பெரிதாக நடக்கும். பத்து நிமிடத்தில் பரப்பிவிட்டால் மின்நிலையங்களுக்கு ஈடுகொடுக்க அவகாசம் கிடைக்கிறது. ஆகவே நாட்டுக்கு அது நல்ல மருந்து.

தெருவுக்கு அது மருந்தே இல்லை. சார்ஜ் ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதிகம் ஓடிய காருக்கு அதற்கும் மேல். 12:30க்கும் 12:40க்கும் இடையில் ஒவ்வொன்றாகத் தொடங்கிய நூறு கார்களும் 12:41க்கு ஒன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். டிரான்ஸ்பார்மருக்குப் பத்து நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. சட்டம் எழுதியவர்கள் தேசியத் தொகுப்பை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள், தெருமுனையை அல்ல. தெருவுக்கு வேண்டியது நிமிடக் கணக்குத் தாமதம் இல்லை. முதல் கார் முடித்த பிறகு அடுத்தது தொடங்கும் முறை, அல்லது எல்லாம் குறைந்த ஆம்பியரில் மெதுவாக ஏறும் ஏற்பாடு.

ஜெர்மனி இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. 2024 ஜனவரி 1 முதல், 4.2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும் புதிய வீட்டுச் சார்ஜர்களையும் வீட்டைச் சூடாக்கும் வெப்ப பம்புகளையும், உள்ளூர்த் தடம் உண்மையிலேயே திணறும் நேரத்தில் மட்டும், 4.2 கிலோவாட் வரை குறைக்கும் உரிமை விநியோக நிறுவனத்துக்கு உண்டு. முழுவதும் அணைக்கக் கூடாது. பதிலுக்கு உரிமையாளருக்குக் கம்பிக் கட்டணத்தில், அதாவது மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான கட்டணத்தில், தள்ளுபடி. கூடவே, "எங்கள் தடத்தில் இடமில்லை" என்று சொல்லி யாருக்கும் சார்ஜர் இணைப்பை மறுக்கவும் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. நிறுவனத்துக்கு அதிகாரத்தைக் கொடுத்த கையோடு அதன் வழக்கமான சாக்கையும் பிடுங்கிக்கொண்டார்கள். 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்கார் என்ற நிலைக்கு வந்துவிட்ட நார்வேயில் இன்னொரு முறை. அங்கே 2022 ஜூலை முதல் கம்பிக் கட்டணத்தின் ஒரு பகுதி, மாதத்தில் வெவ்வேறு மூன்று நாட்களில் நீங்கள் அதிகம் இழுத்த மூன்று மணி நேரங்களின் சராசரியை வைத்துப் போடப்படுகிறது. எப்போது இழுத்தீர்கள் என்பதோடு, ஒரே மூச்சில் எவ்வளவு இழுத்தீர்கள் என்பதற்கும் காசு. காருக்குச் சார்ஜ் ஏறும்போது அடுப்பையும் துவைப்பானையும் சேர்த்துப் போடாமல் இருக்க அங்கே மக்கள் பழகிவிட்டார்கள்.

செலவில்லாத தந்திரம் ஒன்றும் இருக்கிறது. கார்களில் இரண்டு வகையாக நேரம் குறிக்கலாம்: "12:30க்குத் தொடங்கு" என்பது ஒன்று, "காலை 7 மணிக்குத் தயாராக இரு" என்பது மற்றொன்று. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். முதலாவதில் எல்லாக் காரும் ஒரே கோட்டில் புறப்படுகின்றன. இரண்டாவதில் ஒவ்வொரு காரும் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்குகிறது. நேற்று நூறு கிலோமீட்டர் ஓடியது நாலரைக்கு எழும், பக்கத்துக் கடை வரை மட்டும் போனது ஆறரைக்கு எழும். புறப்படும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். யாரும் கட்டுப்படுத்தாமலே சுமை தானாகப் பரவிவிடுகிறது. 2023இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் இரு நகரங்களை வைத்துப் போட்ட கணக்கிலும், புறப்பாட்டு நேரத்தையொட்டி ஏற்றும் இந்த முறை மாலை உச்சத்தைப் பெருமளவு குறைத்தது.

இரவே நல்ல நேரம் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். கலிபோர்னியாவில் நண்பகலில் சூரிய மின்சாரம் மிதமிஞ்சிக் கிடக்கிறது, சூரியன் சாய்ந்ததும் எரிவாயு மின்நிலையங்கள் அவசர அவசரமாக உற்பத்தியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களை ஆராய்ந்து 2022இல் நேச்சர் எனர்ஜி இதழில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, வீட்டில் இரவு ஏற்றும் பழக்கத்தை விட்டு அலுவலக வளாகத்தில் பகலில் ஏற்றும் பழக்கத்துக்கு மாறுவதே நல்லது என்று முடித்தது. பிரிட்டனின் இரவுக் காற்றாலை மின்சாரத்துக்கு ஏற்ற அறிவுரை அங்கே செல்லாது.

அப்படியானால் தமிழ்நாட்டுக்கு எது? இங்கே நம் நிலைமை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பகலில் வெயில் மின்சாரம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பகுதிகளிலும் காற்று உண்டு. மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் சென்னையின் இரவு, லண்டன் இரவைப்போல் ஆறும் இரவு இல்லை. வெளியே நள்ளிரவிலும் முப்பது டிகிரியைச் சுற்றி இருக்கும், உள்ளே எல்லா வீட்டிலும் ஏசி ஓடும். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில்தான் தெரு டிரான்ஸ்பார்மரில் பீஸ் போகும், ஒரு பேஸ் மட்டும் மங்கும், மின்வாரியத்துக்குப் போன் பறக்கும். இந்த நேரத்தை "உச்சமற்ற நேரம்" என்று சொல்லி அதில் கார்களையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் உள்ள தெருவில் 7.2 கிலோவாட் சார்ஜர் பத்து சேர்ந்தால் 72 கிலோவாட்.

நமக்கு ஆறுதல், இங்கே ஓடும் மின்வாகனங்களில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள் என்பது. அவற்றின் சார்ஜர் ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவுக்குள்தான் இழுக்கும், மூன்று யூனிட்டைச் சுற்றி பேட்டரி நிரம்பிவிடும். கார் வைத்திருப்பவர்களிலும் பலர், அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்துக்குத் தங்கள் மீட்டரிலிருந்து கம்பி இழுத்து, பூட்டுப் போட்ட சிறு பெட்டிக்குள் 15 ஆம்பியர் சாக்கெட் ஒன்றை வைத்து, அதில் 3.3 கிலோவாட்டில் மெதுவாகத்தான் ஏற்றுகிறார்கள். இந்த மெதுவே தெருவுக்கு நல்லது. விற்பனையாளர் இலவசமாகத் தரும் 7.2 கிலோவாட் பெட்டி கௌரவமாக இருக்கலாம். நாளுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது தேவைப்படுவதில்லை.

நேரத்தை மாற்றினால் வீட்டுக்காரருக்கு என்ன லாபம் என்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணமும் இரவுத் தள்ளுபடியும் இங்கே பல ஆண்டுகளாக உண்டு. வீட்டு மீட்டருக்கு நேரம் தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வந்து ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறார். அந்த எண்ணில் மாலை ஏழு மணிக்கு ஏற்றியவரும் அதிகாலை மூன்று மணிக்கு ஏற்றியவரும் ஒன்றுதான். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அமைப்பே மாறிவிடும் என்பதால் எல்லோருடைய கண்ணும் எத்தனை யூனிட் என்பதில் இருக்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் கார் ஒன்றே இரண்டு மாதத்தில் முந்நூறு யூனிட்டைச் சேர்த்துவிடும். ஆகவே கார் வாங்கியவர்கள் கூடிப் பேசினால் பேச்சு ஸ்லாபைப் பற்றித்தான், கடிகாரத்தைப் பற்றி இல்லை.

ஒன்றிய அரசு 2023 ஜூனில் நுகர்வோர் உரிமை விதிகளில் செய்த திருத்தம் இதை மாற்ற வந்தது. நாளில் எட்டு மணி நேரத்தைச் சூரிய நேரம் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் குறிக்க வேண்டும், அப்போது கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்றது. விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் என்று நாளும் குறித்தது. ஆனால் நேரம் பார்க்கும் ஸ்மார்ட் மீட்டர் சுவருக்கு வராத வீட்டில் அந்த விதிக்கு வேலையில்லை. வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம். சூரிய நேரம் மலிவு என்றால், பகலில் காரும் அதன் சொந்தக்காரரும் அலுவலகத்தில் அல்லவா இருப்பார்கள்? அலுவலக வளாகத்திலும் ரயில் நிலைய வாகன நிறுத்தத்திலும் சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்டுகள் வரிசையாக வராதவரை அந்தத் தள்ளுபடி இல்லத்தரசிகளின் துவைப்பானுக்கும் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் மட்டும் பயன்படும். பெரிய விரைவு சார்ஜர் நிலையங்களைத் திறந்து வைத்துப் படம் எடுத்துக்கொள்வதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை இந்தச் சாக்கெட்டுகளில் காட்டலாம்.

முறை வைத்து மின்சாரம் தருவது இந்த மாநிலத்துக்குத் தெரியாத வித்தையும் இல்லை. பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரத்தை ஊர்களைப் பிரித்துப் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று பல ஆண்டுகள் கொடுத்தார்கள். விவசாயி டார்ச் விளக்கோடு இரவு இரண்டு மணிக்கு வரப்பில் நடந்தார். சுமையை அவர் தூக்கத்தின் மேல் இறக்கி வைத்தார்கள். காருக்கு அந்தக் கொடுமை தேவையில்லை, அதற்குத் தூக்கம் இல்லை. டிரான்ஸ்பார்மரின் சுமையை அளக்கும் கருவி ஒன்றும், அது சொல்வதைக் கேட்டு ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரும் இருந்தால் வேலை முடிந்தது. எந்த வீடு எந்த டிரான்ஸ்பார்மரின் எந்த பேஸில் தொங்குகிறது என்ற பட்டியல் அதற்கு முன்னதாக வேண்டும். அந்தப் பட்டியலைத் திருத்தமாக வைத்துக்கொள்வது மீட்டர் மாற்றுவதைவிடக் கடினமான வேலை.

அதுவரை கார் வைத்திருப்பவர் செய்யக்கூடியது இவ்வளவு: காரின் செயலியில் தொடக்க நேரத்தை விட்டுவிட்டுப் புறப்படும் நேரத்தைக் குறிக்கலாம். ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் பத்துக்கு இறக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் இரவு இரண்டு மணிக்கு முன் ஏற்றாமல் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை பகலில் வண்டி வீட்டில் நின்றால் அன்றே நிரப்பிக்கொள்ளலாம். அடுக்குமாடியில் நான்கைந்து கார்கள் சேர்ந்துவிட்டால், வளாகத்தின் இணைப்புச் சுமையைக் கூட்டித் தரச் சொல்லி விண்ணப்பம் எழுதுவதற்கு முன், யார் எந்த இரவில் ஏற்றுவது என்று சங்கத்தின் கூட்டத்தில் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது மலிவு.